லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி: நிலமும் மக்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தெற்கு கலிஃபோர்னியாவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள் என எல்லோரும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் அடிப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பின்னால் வருபவை முன்னால் சொன்னதை வைத்துப் போவதால் மேலிருந்து படிப்பது நல்லது. வேறு ஆண்டு சொல்லாத இடங்களில் மக்கள்தொகை எண்கள் 2020 கணக்கெடுப்பின்படி.

கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம்தானே?

வரைபடத்தில் பார்த்தால் ஆமாம். மாநிலத்துக்கு அடுத்த அடுக்கு கவுண்டிதான். சொத்துவரி வசூல், நிலப் பதிவு, பிறப்பு இறப்புச் சான்று, தேர்தல் நடத்துவது, சிறைச்சாலை, பொதுச் சுகாதாரம், அரசு மருத்துவமனைகள் எல்லாம் அதன் பொறுப்பு.

ஆனால் கலெக்டர் என்று ஒருவர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து சூப்பர்வைசர்கள் கூடி நிர்வாகம் நடத்துகிறார்கள். போலீசுக்குத் தலைவரான ஷெரிஃப், வழக்கு நடத்தும் மாவட்ட அட்டர்னி, சொத்து மதிப்பீட்டு அதிகாரி ஆகியோருக்கும் தனித்தனியே தேர்தல் உண்டு. ஒரு சூப்பர்வைசருக்கு ஏறக்குறைய 20 லட்சம் மக்கள், அதாவது தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி அளவு. குடிநீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் முதற்கொண்டு கவனிக்க வேண்டிய உள்ளூர் நிர்வாகத்துக்கு இது ரொம்பவே பெரிய தொகுதி. இந்தக் குறை நெடுநாளாகப் பேசப்பட்டு, 2024 நவம்பர் தேர்தலில் சூப்பர்வைசர்களை ஒன்பது பேராக்கும் திட்டத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி வேற, கவுண்டி வேறயா?

வேறுதான். இந்தப் பக்கத்தில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் அவற்றில் ஒன்று, ஆனால் மிகப் பெரியது: 38,98,747 பேர். அடுத்தது லாங் பீச், 4,66,742 பேர். பசடீனா, கிளெண்டேல், டாரன்ஸ், சாண்டா மோனிகா, பெவர்லி ஹில்ஸ் எல்லாம் தனித்தனி நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்த நகர மன்றமும் மேயரும் உண்டு.

சின்னதற்கும் குறைவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் மையப் பகுதியான டவுன்டவுனுக்குத் தெற்கே இருக்கும் வெர்னன் நகரத்தில் வசிப்பவர்கள் 222 பேர். நமது ஊரில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஆனால் அங்கே வேலைக்கு வருகிறவர்கள் பல்லாயிரம். ஊர் முழுக்கத் தொழிற்சாலையும் கிடங்கும்தான்.

மொத்தத்துல எவ்வளவு பெரிசு, எத்தனை ஜனம்?

நிலப்பரப்பு சுமார் 10,500 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 1,00,14,009. அமெரிக்காவின் எந்தக் கவுண்டியிலும் இவ்வளவு பேர் இல்லை. இரண்டாம் இடத்தில் இருக்கும் குக் கவுண்டியில், அதாவது சிகாகோ இருக்கும் கவுண்டியில், சுமார் 53 லட்சம்தான். 50 மாநிலங்களில் 40-இன் மக்கள்தொகை இந்த ஒரு கவுண்டியைவிடக் குறைவு.

கவுண்டி உருவான 1850-இல் கணக்கில் வந்தவர்கள் 3,530 பேர். 1900-இல் 1.7 லட்சம், 1950-இல் 41 லட்சத்துக்கு மேல். இடையில் ரயில் வந்தது, எண்ணெய் கிடைத்தது, சினிமாவும் விமானத் தொழிற்சாலைகளும் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது தண்ணீர். 1913-இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து 233 மைல் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் இல்லையென்றால் இந்தப் பெருக்கம் நடந்திருக்காது. டவுன்டவுனில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 14 அங்குலம்தான், சென்னை மழையில் கால்வாசி.

அப்போ எங்க பார்த்தாலும் நெரிசலாத்தான் இருக்குமா?

இல்லை, அதுதான் வேடிக்கை. கவுண்டியின் நடுவே கிழக்கு மேற்காக சான் கேப்ரியல் மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. அதன் உச்சியான மவுண்ட் சான் அன்டோனியோ, இங்குள்ளவர்கள் சொல்லும் மவுண்ட் பால்டி, 3,068 மீட்டர். தொட்டபெட்டாவைவிட 400 மீட்டருக்கு மேல் அதிகம். கவுண்டி நிலத்தில் ஏறக்குறைய கால்வாசி ஏஞ்சலஸ் தேசிய வனத்துக்குள் இருக்கிறது. அங்கே வீடு கட்ட முடியாது. மலைக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தின் ஓரம்.

ஆகவே ஒரு கோடிப் பேரில் பெரும்பாலோர் மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள சமவெளியிலும் சான் ஃபெர்னாண்டோ, சான் கேப்ரியல் என்ற இரு பள்ளத்தாக்குகளிலும்தான் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். மேவுட் என்ற நகரம் மூன்று சதுர கிலோமீட்டர்தான் இருக்கும், அதில் 25,000 பேர். பெரிய கட்டடம் ஒன்றும் கிடையாது. மாடியில்லாத வீடுகள், பின்பக்கம் இன்னொரு வீடு, கராஜிலும் ஒரு குடும்பம்.

கணக்கெடுப்பு அலுவலகம் நகர்ப்புறத் தொடர்ச்சியை வைத்து அடர்த்தி பார்க்கும்போது, லாஸ் ஏஞ்சலஸ்–லாங் பீச்–அனஹைம் பகுதி நியூயார்க் பகுதியைவிட அடர்த்தியாக வருகிறது. மன்ஹாட்டனின் வானளாவிய கட்டடங்களைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நியூயார்க்கின் புறநகர்கள் மரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கின்றன. இங்கே புறநகரிலும் மனையை அடுத்து மனைதான்.

ஸ்நோ பெய்யும்னு சொல்றாங்க. பீச் ஊர்ல எப்படிங்க ஸ்நோ?

மலையில் ஒவ்வொரு குளிர்காலமும் பெய்யும். மலைக்கு அப்பால் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் லங்காஸ்டர், பாம்டேல் என்று இரண்டு நகரங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 1.7 லட்சம் பேர். இரண்டும் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. கோடையில் 40 டிகிரி தாண்டும். குளிர்கால இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். எப்போதாவது பனியும் விழும். இதுவும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிதான். “எல்ஏ-ல வேலை கிடைச்சிருக்கு” என்று யாராவது சொன்னால், பாம்டேலா சாண்டா மோனிகாவா என்று கேட்டுவிட்டுப் பிறகு எந்தத் துணி எடுத்துவரலாம் என்று சொல்லுங்கள்.

மெரினா மாதிரி கடல்ல சூரியன் உதிக்கிறதைப் பார்க்க முடியுமா?

பசிபிக் மேற்கே இருப்பதால் இங்கே மறைவதைத்தான் பார்க்கலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கவுண்டியின் கரையோரம் சுமார் 75 மைல். அது நேர்கோடாக இல்லை. மலிபுவில் கரை கிழக்கு மேற்காக ஓடுவதால் கடல் தெற்கே இருக்கும். சாண்டா மோனிகாவிலிருந்து பாலோஸ் வெர்டெஸ் குன்று வரை கரை மேற்கைப் பார்க்கும். அந்தக் குன்றைச் சுற்றி வந்தால் சான் பெட்ரோவும் லாங் பீச்சும் மறுபடி தெற்கைப் பார்த்து நிற்கும்.

அதனால் சாண்டா மோனிகா கடல்பாலத்தில் டிசம்பரில் நின்றால் சூரியன் கடலுக்குள் இறங்கும். அதே இடத்தில் ஜூனில் நின்றால் மலிபு மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கோடை விடுமுறையில் வந்துவிட்டுக் கடலில் சூரியாஸ்தமனம் பார்க்கவில்லையே என்று குறைப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

ஜூன் மாசம் வந்தோம், மத்தியானம் வரைக்கும் வெயிலே இல்லையே?

வடக்கேயிருந்து வரும் கலிஃபோர்னியா நீரோட்டம் கடலைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கிறது. மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று அந்தக் குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் மூடிபோல் உட்கார, தாழ்வான மேகம் கரையோரத்தில் தேங்கிவிடும். மே, ஜூன் மாதங்களில் இது சகஜம். காரை எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து மைல் உள்ளே போனால் வெயில் சுள்ளென்று அடிக்கும்.

தீவும் இந்தக் கவுண்டிலயே இருக்காமே?

இரண்டு இருக்கின்றன. சாண்டா காட்டலினாவுக்கு லாங் பீச்சிலிருந்தோ சான் பெட்ரோவிலிருந்தோ படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்குள்ள அவலான் 88 நகரங்களில் ஒன்று, 3,460 பேர். கார் வைத்துக்கொள்ளக் கடுமையான வரம்பு இருப்பதால் ஊரில் பெரும்பாலும் கோல்ஃப் வண்டிகள்தான் ஓடுகின்றன. இன்னொன்று சான் கிளெமென்டே, அது கடற்படையுடையது. நமக்கு அனுமதி இல்லை.

மலிபு கோயில்னு சொல்றாங்க, ஜிபிஎஸ் கலாபாசஸ்னு காட்டுது. எது சரி?

இரண்டும் ஒரே வேங்கடேஸ்வரர் கோயில்தான், தயங்காமல் போங்கள். பெயரில் மலிபு, முகவரியில் கலாபாசஸ். கடற்கரை மலிபுவுக்கும் உள்நாட்டுக் கலாபாசஸுக்கும் நடுவே மலைக் கணவாய்ச் சாலையில் இருக்கிறது. கோயில் எழும்பிய காலத்தில் மலிபுவும் கலாபாசஸும் சட்டப்படி நகரங்களே இல்லை. இரண்டுமே 1991-இல்தான் நகரமாயின. எல்லைக்கோடு வருவதற்கு முன்பே பெருமாள் வந்துவிட்டார்.

என் அட்ரஸ்ல “லாஸ் ஏஞ்சலஸ்”னு இருக்கு. அப்போ நான் சிட்டிக்குள்ளதானே?

சொல்ல முடியாது. முகவரியில் இருக்கும் ஊர்ப்பெயர் தபால்துறை தன் வசதிக்கு வைத்தது. நகர எல்லை வேறு, ஜிப் கோடு (நம்ம பின்கோடு) எல்லை வேறு, அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பான பள்ளி மாவட்டத்தின் எல்லை அதற்கும் வேறு. உதாரணமாக செரிடோஸ், ஆர்ட்டீசியா, ஹவாயன் கார்டன்ஸ் என்ற மூன்று நகரங்களுக்கும் சேர்த்து ஏபிசி யூனிஃபைட் என்று ஒரே பள்ளி மாவட்டம். லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டமோ லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தைத் தாண்டிப் பல ஊர்களுக்குள் நுழைகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 88 நகரங்களையும் கூட்டினாலும் கவுண்டி நிரம்பாது. நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நகரத்திலும் சேராதது. இதில் மலையும் பாலைவனமும் அதிகம் என்றாலும் சுமார் பத்து லட்சம் பேர் அங்கே வசிக்கிறார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் என்ற பகுதியில் 1,18,786 பேர். அது லாஸ் ஏஞ்சலஸ் நகரமும் இல்லை, தனி நகரமும் இல்லை. அவர்களுக்கு மேயர் கிடையாது. முதல் பதிலில் சொன்ன சூப்பர்வைசர்தான் மேயரும் கவுன்சிலரும்.

ஏன் இத்தனை துண்டு துண்டா வச்சிருக்காங்க?

வரியும் கட்டடச் சட்டமும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊரும் நினைத்ததுதான் காரணம். தனி நகரமானால் போலீசுக்கும் தீயணைப்புக்கும் செலவாகுமே என்ற தயக்கம் முன்பு இருந்தது. 1954-இல் லேக்வுட் அதற்கு வழி கண்டது. நகரமாகப் பதிவு செய்துகொண்டு, போலீஸ் முதலான வேலைகளைப் பணம் கட்டிக் கவுண்டியிடமே ஒப்படைத்தது. பார்த்துப் பார்த்து மற்ற ஊர்களும் அதையே செய்தன. இன்று 40-க்கும் மேற்பட்ட நகரங்களில் ரோந்து வருவது கவுண்டி ஷெரிஃப்தான்.

செரிடோஸும் அந்த அலையில் வந்ததே. 1956-இல் பால்பண்ணைக்காரர்கள் சேர்ந்து தங்கள் நிலம் மனைகளாவதைத் தடுக்க “டெய்ரி வேலி” என்ற பெயரில் நகரமாக்கினார்கள். மனிதர்களைவிட மாடுகள் அதிகம் இருந்த ஊர். பத்தே ஆண்டில் நிலவிலை அவர்கள் மனதை மாற்றிவிட்டது. 1967-இல் பெயரும் மாறியது. இப்போது அங்கே மாட்டுக்கொட்டகை எதையும் காண முடியாது. பக்கத்து ஆர்ட்டீசியாவின் பயனியர் பூலவார்டில் புடவைக் கடையும் மளிகைக் கடையும் தோசைக் கடையுமாக இருக்கிறது.

மேப்ல பார்த்தா எல்ஏ சிட்டிக்குக் கீழ ஒரு வால் தொங்குதே, அது என்ன?

துறைமுகத்துக்குப் போகும் வழி. சட்டப்படி ஒரு நகரம் தன்னோடு ஒட்டியிருக்கும் நிலத்தைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். லாஸ் ஏஞ்சலஸுக்குத் துறைமுகம் வேண்டும், ஆனால் ஊர் கடலிலிருந்து இருபது மைல் உள்ளே. எனவே 1906-இல் தெற்கே ஒரு குறுகலான பட்டையை இணைத்துக்கொண்டு, 1909-இல் சான் பெட்ரோவையும் வில்மிங்டனையும் சேர்த்தது. பட்டை சில இடங்களில் அரை மைல் அகலம்தான். பக்கத்திலேயே லாங் பீச் தனியாக ஒரு துறைமுகம் வைத்திருக்கிறது. ஒரே வளைகுடாவில் அடுத்தடுத்து இரண்டு போட்டியாளர்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய கண்டெய்னர் துறைமுகங்களும் இந்த இரண்டுதான்.

டிஸ்னிலேண்ட், யுனிவர்சல், ஏர்போர்ட் எல்லாம் எந்தக் கணக்கு?

டிஸ்னிலேண்ட் அனஹைமில், அதாவது 1889-இல் பிரிந்துபோன ஆரஞ்சு கவுண்டியில். இந்தியக் குடும்பங்கள் தேடிப்போகும் இர்வைனும் அங்கேதான். யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஒரு பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகரம், மீதி எந்த நகரமும் இல்லாத பகுதி. விமான நிலையம் லாஸ் ஏஞ்சலஸ் நகரம். ஹாலிவுட் 1910-இல் லாஸ் ஏஞ்சலஸோடு சேர்ந்துவிட்டது, ஆனால் வெஸ்ட் ஹாலிவுட் 1984-இலிருந்து தனி நகரம்.

யார் யாரெல்லாம் இருக்காங்க? வெள்ளைக்காரங்கதானே அதிகம்?

இல்லை. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், 48 சதவீதம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். வெள்ளையர் நான்கில் ஒருவர். ஆசியர் 15 சதவீதம் அளவில், கறுப்பினத்தவர் 8 சதவீதம் அளவில். மூன்றில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசுகிறார்கள்.

இந்தச் சராசரி எந்தத் தெருவுக்கும் பொருந்தாது. கிளெண்டேலில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆர்மீனியர். பேக்கரிப் பலகையில் ஆங்கிலத்துக்கு மேலே ஆர்மீனிய எழுத்து இருக்கும். மான்டரே பார்க்கில் சீனர்கள், லாங் பீச்சில் கம்போடியர்கள், வெஸ்ட்வுட்டில் ஈரானியர்கள். முன்பு சொன்ன மேவுட்டிலும் பக்கத்து ஹன்டிங்டன் பார்க்கிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்கர். கொரியா டவுனில் கடைப்பலகைகள் கொரிய மொழியில் இருந்தாலும் மாடிகளில் குடியிருப்பவர்களில் பெரும் பங்கு லத்தீன் அமெரிக்கர்தான். பலகையைப் பார்த்து ஜனத்தொகையை எடைபோடாதீர்கள்.

ஒருத்தர் 39 லட்சம்கறார், ஒருத்தர் 1.3 கோடிங்கறார், ஒருத்தர் 1.8 கோடிங்கறார். எதை நம்புறது?

எல்லாமே சரிதான், அளந்த எல்லை வேறு. 39 லட்சம் நகரம். ஒரு கோடி கவுண்டி. 1.32 கோடி என்பது லாஸ் ஏஞ்சலஸ், ஆரஞ்சு கவுண்டிகள் சேர்ந்த பெருநகரப் பகுதி. 1.86 கோடி என்றால் அதோடு வென்ச்சுரா, சான் பெர்னார்டினோ, ரிவர்சைடு கவுண்டிகளும் சேர்த்தி. சான் பெர்னார்டினோ கவுண்டி கிழக்கே நெவாடா, அரிசோனா எல்லைவரை போவதால், யாருமில்லாத பாலைவனமும் அந்தக் கணக்கில் “பெருநகரம்” ஆகிவிடுகிறது. யாராவது எண் சொன்னால் எந்த எல்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

எல்லாரும் காலி பண்ணிட்டுப் போறாங்களாமே?

எல்லாரும் இல்லை. ஆனால் 2020-க்குப் பிறகு குறைந்தது உண்மை. பிந்தைய மதிப்பீடுகள் 96 முதல் 98 லட்சத்துக்குள் நிற்கின்றன. வீட்டு வாடகைதான் முதல் காரணம். ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ, நெவாடா, டெக்சாஸ் பக்கம் போகிறார்கள். பிறப்பும் குறைகிறது. 2000களின் தொடக்கத்தில் ஏழு லட்சம் மாணவர்களுக்கு மேல் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தில் இப்போது நான்கு லட்சம் அளவுதான், அரசுப் பணத்தில் தனியாக நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு மாறியவர்களும் அந்தக் குறைவில் அடக்கம் என்றாலும்.

ஜனம் குறைந்தும் வாடகை இறங்கவில்லை. 2025 கணக்கெடுப்பில் கவுண்டி முழுக்க வீடற்றோர் 72,000-க்கு மேல். வருமானம் குறைந்த குடும்பம் வெளியேற, அந்த வீட்டுக்குச் சிறிய, வசதியான குடும்பம் வருகிறது. தலை எண்ணிக்கை குறையும், வீட்டுத் தேவை குறையாது.

நிலநடுக்கம், தீ இரண்டும் பயமா இருக்கு. எந்தப் பக்கம் வீடு எடுத்தா நிம்மதி?

நிலநடுக்கத்துக்கு ஒளிய இடமில்லை. பெரிய பிளவான சான் ஆண்ட்ரியாஸ் பாம்டேல் ஓரமாகப் போகிறது. 14-ஆம் எண் ஃப்ரீவேயில் அங்கே மலையை வெட்டிய இடத்தில் பாறை அடுக்குகள் மடித்துப் போட்ட கம்பளம் போல் வளைந்து கிடப்பதைக் காரிலிருந்தே பார்க்கலாம். ஆனால் சேதம் செய்தவை பெரும்பாலும் ஊருக்கு அடியில் இருந்த வேறு பிளவுகள்: 1933 லாங் பீச், 1971 சான் ஃபெர்னாண்டோ, 1994 நார்த்ரிட்ஜ். ஆகவே பகுதியைவிடக் கட்டடத்தைப் பாருங்கள். தரைத்தளத்தில் சுவரில்லாமல் தூண்கள்மேல் நின்று கீழே கார் நிறுத்தும் பழைய அடுக்குமாடி என்றால், வலுப்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

தீ அப்படியில்லை, அதற்கு இடம் உண்டு: மலையடிவாரமும் கணவாய்களும். குளிர்காலத்தை ஒட்டி உள்நாட்டிலிருந்து வறண்ட சாண்டா ஆனா காற்று மலையிடுக்கு வழியே கடலை நோக்கிப் பாயும்போது ஒரு பொறி போதும். 2025 ஜனவரி 7 அன்று பசிபிக் பாலிசேட்ஸ், அல்டடீனா பக்கங்களில் தொடங்கிய இரு பெருந்தீக்களில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின, 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சமவெளியின் நடுவில் இருக்கும் செரிடோஸ், லேக்வுட் போன்ற ஊர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு.

பாலிசேட்ஸ்ல எரிஞ்ச வீட்டுக்கும் அல்டடீனால எரிஞ்ச வீட்டுக்கும் ஏன் வேற வேற விதி?

பசிபிக் பாலிசேட்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் ஒரு பகுதி. அல்டடீனா, பசடீனாவை ஒட்டி இருந்தாலும், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் போல எந்த நகரத்திலும் சேராதது. அங்கே சுமார் 43,000 பேர். திரும்பக் கட்ட பாலிசேட்ஸ்காரர் நகரத்திடம் அனுமதி வாங்க வேண்டும், அல்டடீனாக்காரர் கவுண்டியிடம். பாலிசேட்ஸ் தீயிலேயே வீடிழந்த மலிபுக்காரருக்கு மூன்றாவதாக மலிபு நகர அலுவலகம். கட்டணம், கெடு, படிவம் எல்லாம் தனித்தனி.

உங்கள் வீடு யார் கையில் என்று அறிய, வாடகை ஒப்பந்தத்தின் முகவரியை நம்பாதீர்கள். கவுண்டி தேர்தல் அலுவலக இணையதளத்தில் வீட்டு எண்ணும் தெருவும் கொடுத்தால் உங்கள் நகரம், சூப்பர்வைசர் தொகுதி, பள்ளி மாவட்டம் மூன்றும் வரும். நகரம் இருக்க வேண்டிய இடத்தில் நகரம் சாராத பகுதி என்று வந்தால், குப்பைக்கும் உடைந்த நடைபாதைக்கும் கூப்பிட வேண்டியது கவுண்டியை.